இருமலை வெட்டாதீர்கள்

(தங்கவயலில் நடைபெற்ற சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஒலிப்பதிவுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



2001 பிப்ரவரி 28ஆம் நாள் நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளாக நம் பாட்டனும் தகப்பனும் இறங்கி உழைத்த, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கம் அது. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பவை சயனைடு மேடுகளும், லைன் வீடுகளும், அந்த ஆழத்தைக் கண்டு மீண்டவர்களின் நினைவுகளும்தாம். அவர்களில் எத்தனை பேரை இவ்வாண்டு அடக்கம் செய்தோம் என்பது உங்களுக்கே தெரியும்.

1946 நவம்பர் 4ஆம் நாள் வேலைநிறுத்தத்தின்போது ஆறு தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம். ஆனால் அன்று கண்ணால் கண்ட ஒருவரின் குரல்கூட நம் சங்கத்தில் பதிவாக இல்லை. இது யாருடைய தவறு? நம்முடைய தவறே.

ரேடியோ நமக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். ஆனால் கேட்பதுதான் நம் வேலை, பேசுவது வேறு யாருடைய வேலையோ என்று இருந்துவிட்டோம். பக்கத்திலுள்ள பூதிக்கோட்டை மக்கள் அப்படி இருக்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் 'நம்ம த்வனி' என்ற பெயரில் கிராமத்துப் பெண்களே நிகழ்ச்சி தயாரித்தார்கள். ஒலிபரப்ப அனுமதி இல்லாததால் ஒலிபெருக்கியிலும் கேபிள் கம்பியிலும் ஊருக்குக் கேட்கச் செய்தார்கள். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே கூறியிருந்தும், தொண்டு அமைப்புகளுக்குச் சமுதாய வானொலி அனுமதி கிடைத்தது 2006இல்தான். அப்போதும் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்பத் தடை! ஆனால் பதிவு செய்து கைக்குக் கை கொடுப்பதற்கு எந்த உரிமமும் தேவையில்லை. கருவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

நாங்கள் கற்ற பாடத்தைச் சொல்கிறோம். சாம்பியன் ரீஃப் லைனில் ஒரு பெரியவர் நாற்பது நிமிடம் பேசினார். நடுநடுவே இருமல். குழுவில் ஒரு தம்பி அந்த இருமலையெல்லாம் வெட்டிவிட்டார். கேட்க நன்றாகவே இருந்தது. பெரியவரிடம் போட்டுக் காட்டினோம்.

"இது என் குரல் மாதிரியே இல்லையே, தம்பி. முப்பது வருஷம் பாறைத் தூசி குடிச்சேன். கடைசியில எனக்குன்னு மிஞ்சினது இந்த இருமல்தான். அதையும் எடுத்துட்டீங்களா?" என்றார்.

வெட்கித் தலைகுனிந்தோம். சிலிகோசிஸ் நோய் நம் சுரங்கங்களில் இருப்பதைச் சுதந்திரத்துக்கு முன்பே மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். அந்த ஏட்டை நம்மில் யார் படித்தோம்? அந்த இருமலைக் கேட்டால் குழந்தைக்கும் புரியும். வெட்டியதை மறுபடி சேர்த்தோம்.

அதற்காக, சொன்னதெல்லாம் உண்மை என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு பாறை வெடிப்புக்கு அவர் ஓர் ஆண்டைச் சொன்னார். அதே ஷிப்டில் இருந்தவர் வேறோர் ஆண்டைச் சொன்னார். இறந்தவரின் கல்லறைக்குப் போய்த் தேதியைப் பார்த்த பிறகே அதைச் சேர்த்தோம். பிழையான ஒரு தேதி போதும், நம் பதிவு முழுவதையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள்.

ஆகவே தோழர்களே, "கஷ்டப்பட்டீர்களா?" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" என்பதோடு முடிந்துவிடும். "அன்று காலை கேஜில் ஏறும்போது கையில் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். அவர் மௌனமானால் காத்திருங்கள். பேசி முடித்ததும் அவருக்கே போட்டுக் காட்டி, வெளியிட அனுமதி கேளுங்கள். வீட்டுப் பத்திரம், வழக்கு பற்றிய பேச்சானால் இருமுறை கேளுங்கள்.

தாய்மார்களையும் மறவாதீர்கள். தரை குலுங்கியதும் ஷாப்டு வாசலுக்கு ஓடி, தன் மனிதன் மேலே வருவானா என்று நின்றவர்கள் அவர்கள். அந்தக் காத்திருப்பு எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறவில்லை.

விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் செல்லும் பிள்ளைகளே! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு குரலோடு வர வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.