காற்றுக்குக் குனிதலும் மேட்டுக்கு நிமிர்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறிக் களைக்கத்தக்க மலை எதுவுமில்லை. கீரிமலையும் பெயரளவிலேயே மலை. ஆயினும் சுண்ணக்கல்லால் ஆன இத்தட்டை நிலத்துத் துவிச்சக்கரவண்டியோட்டி மேட்டின் கொடுமையை அறியாதவன் அல்லன். அவனுக்கு மேடு காற்றே ஆகும். சோழகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தின் வழியே தீவகம் நோக்கிச் செல்வோனைக் கண்டால் இது விளங்கும். இருமருங்கும் கடல், காற்றை மறிக்க ஒரு பனையும் இல்லை. எவரும் கற்பியாமலே அவன் முதுகை வளைத்து, முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்துகிறான்.

இக்குனிவையே விஞ்ஞான முறைப்படி அமைத்துக் கொடுப்பது நீச்சல், வண்டியோட்டம், கால் ஓட்டம் ஆகிய மூன்றும் கூடிய போட்டிக்குரிய வண்டி. அதன் ஆசனம் முன்தள்ளியிருக்கும். முழங்கைகளை ஊன்றிக்கொள்ள இரு மெத்தைகளும், முன்னோக்கி நீண்ட கைபிடியும் உண்டு. 1989ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றுப் போட்டியின் இறுதி நாளில் 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், இத்தகைய கைபிடியோடு ஓட்டி, 8 விநாடி வித்தியாசத்தில் வாகை சூடினார்.

அங்ஙனமாயின், மலை ஏறும்போதும் இக்குனிவு உதவுமா? கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் வீதி ஏறத்தாழ 1,400 மீற்றர் உயர்கிறது. குடாநாட்டு இளைஞன் ஒருவன் தன் பழக்கத்தின்படியே குனிந்து அவ்வீதியில் ஏற முற்பட்டால், விரைவில் மூச்சு முட்டி நிற்பான். காரணம் எளிது. காற்றின் தடை வேகத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். மேட்டிலோ வேகம் குறைவு. ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் எனக் கொள்வோம். நூறு மீற்றருக்கு ஆறு மீற்றர் உயரும் சரிவு அவனை 4.8 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு பின்னே இழுக்கும். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் காற்றின் தடையோ கால் கிலோகிராம் எடைக்கும் போதாது. குனிவதால் வரும் ஆதாயம் அற்பம். மடிந்த வயிறும் ஒடுங்கிய மூச்சும் தரும் நட்டம் பெரிது. மெல்லச் செல்லும் வண்டியை முழங்கையூன்றி நேரே செலுத்துவதும் அரிது.

ஆகவே, மேடு தொடங்கியதும் கைகள் வெளிப்புறக் கைபிடிக்கு மாறவேண்டும். நெஞ்சு நிமிரட்டும், தோள்கள் தளரட்டும், பிடி இறுகலாகாது. ஆசனத்தில் சற்றுப் பின்னே நகர்ந்தமர்ந்தால் தொடையும் இடுப்பும் நன்கு உழைக்கும். கால் திணறுமுன்பே இலகுவான பற்சக்கரத்துக்கு மாறுதல் முழங்காலைக் காக்கும். எழுந்து நின்று மிதிப்பது செங்குத்தான சிறு தூரத்துக்கே ஏற்றது. அது மூச்சை விரைவில் செலவழிக்கும். நிற்கும்போது உடல் அளவுக்கு மீறி முன்சாய்ந்தால், மழையில் நனைந்த வீதியில் பின்சக்கரம் வழுக்கும். சரிவு தணிந்து வேகம் பிறந்த பின்னரே மீண்டும் குனிதல் தகும்.

மலையில்லாத மண்ணில் இதனை எங்ஙனம் பயில்வது? சோழகத்தை எதிர்த்துப் பண்ணையில் செல்லும் நாட்களில், குனியாது நிமிர்ந்தமர்ந்து, சீராக மிதித்துப் பழகலாம். மேட்டில் கால்கள் தாங்கவேண்டிய பளுவை அக்காற்றே தந்துவிடும். குனியவேண்டிய இடமும் நிமிரவேண்டிய இடமும் அறிந்த வண்டியோட்டிக்கு நுவரெலியாவும் எட்டாத தொலைவன்று.