‘அங்கெல்லாம்’ என்றொரு சொல்

பின்வரிசையில் பிள்ளையின் பெயர் எப்போது வாசிக்கப்படும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரே, பட்டம் பெறும் இளையோரே!

உங்களில் பலர் மேற்படிப்புக்கு வெளிநாடு போகவிருப்பதாகத் துணைவேந்தர் சொன்னார். போவதைப் பற்றிச் சொல்லித்தர ஏஜென்ட் முதல் எதிர்வீட்டு மாமா வரை ஆள் இருக்கிறது. ஆகவே நான் திரும்பி வருவதைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் வெண்ணாற்றுக் கடைமடைக்காரன். நீர் மேலாண்மை படிக்க நெதர்லாந்து போனேன். நிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நாடு அது. 1953 பிப்ரவரியில் கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்து 1,836 உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் அவர்கள் கட்டிய தடுப்பணைகளைப் பார்க்க உலகமே போகிறது. என் மனதில் நின்றதோ வேறு காட்சி. இலையுதிர்காலத்தில் ஒருநாள், நீர் வாரியத்து ஆட்கள் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து பார்த்தார்கள். தன் வயலை ஒட்டிய வாய்க்காலை விவசாயியே சுத்தம் செய்திருக்க வேண்டும்; தவறினால் அபராதம். இந்த வாரியங்களின் வேர் 13ஆம் நூற்றாண்டு வரை போகிறது. இன்றும் அவற்றுக்குத் தேர்தல் நடக்கிறது, தனி வரி இருக்கிறது.

“எங்க ஊர்லயும் ஊர்க்காரங்களே கூடி வாய்க்காலைப் பராமரிக்கிற குடிமராமத்துன்னு ஒண்ணு இருந்தது” என்று உடன் படித்தவர்களிடம் ஆரம்பித்தேன். அங்கிருந்த இரண்டு வருடமும் என் பேச்செல்லாம் “எங்க ஊர்ல” என்றுதான் தொடங்கும். ஊர் திரும்பியதும் அது “அங்கெல்லாம்” ஆகிவிட்டது. அங்கெல்லாம் ஹாரன் அடிக்கமாட்டார்கள். அங்கெல்லாம் பஸ் சொன்ன நேரத்துக்கு வரும். அம்மா எனக்கு மட்டும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தனிச் சொம்பில் வைத்தார். என் வீட்டிலேயே நான் விருந்தாளி. தங்கை ‘அங்கெல்லாம் அண்ணன்’ என்று பெயரே வைத்துவிட்டாள். சிரித்தேன், ஆனால் உறைத்தது. அங்கே இருந்தபோது இங்கே இருந்தேன். இங்கே வந்தபின் அங்கே இருந்தேன்.

அந்த மிதப்பில்தான் எங்கள் வாய்க்காலுக்கு ஒரு முறைப்பாசனத் திட்டம் போட்டேன். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எந்த மடைக்கு எத்தனை மணி நேரம் போகவேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்கு. கடைமடைக்கும் பங்கு குறையாத கணக்கு. கோயில் மண்டபத்தில் தாளை விரித்து விளக்கினேன். ஒரு பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி தம்பி, இதுல ராத்திரி எங்க இருக்கு?”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: பகலில் முறை பிசகாது. இருட்டியதும் மேல்மடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிடுவார். கடைமடைக்கு நான் ஒதுக்கியிருந்ததோ இரவு நேரம். தாளில் தண்ணீர் வந்துசேர்ந்தது, வயலுக்கு வராது. இது அந்த வாய்க்கால் கரையில் வளர்ந்த எனக்குத் தெரியாததா? தெரியும். படித்து வந்த மிதப்பில் மறந்துபோயிருந்தேன்.

அதன்பிறகு ஒரு வருடம் நான் திட்டம் எதுவும் போடவில்லை. டார்ச்சோடு அவர் பின்னால் நடந்தேன். அந்த நடையில்தான் ஒன்று விளங்கியது. நெதர்லாந்தில் நான் பார்த்தது அவர்களுடைய விடை. அங்கே மண் வேறு, கடன் வேறு, பக்கத்து வயல்காரரோடு இருக்கும் பகை வேறு. விடையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர முடியாது, கேள்வியைக் கொண்டுவரலாம். பாதி ராத்திரியில் யாரும் பார்க்காதபோதும் பக்கத்துக்காரனின் பங்கைத் தொடாமல் இருக்க அவர்களை எது பழக்கியது? இங்கே எது பழக்கும்?

அப்படிக் கேள்வியைக் கொண்டுவந்தவர் ஒருவர், வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன். 1925இல் கும்பகோணத்தில் பிறந்த அவர் நெதர்லாந்தின் வாகனிங்கனில் படித்தது உருளைக்கிழங்கு மரபியல். 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். அடுத்து அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சிதான். அங்கேயே பேராசிரியர் பணி தேடி வந்தது. அதை மறுத்து 1954இல் நாடு திரும்பினார். இங்கே அவருக்கு வாய்த்தது கட்டாக்கில் நெல், பிறகு டெல்லியில் கோதுமை. பயிர் மாறியது. செடியைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பழக்கம் மாறவில்லை.

இன்னொன்று. உத்தரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 920இல் வெட்டிய கல்வெட்டில் ‘ஏரி வாரியம்’ வருகிறது. அதற்குக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்த விதியும் வருகிறது. நாங்கள்தான் முந்தி என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. நெதர்லாந்துக்காரர்களின் வாரியம் அடுத்த மாதமும் கூடும். நம்முடையது சுவரில் இருக்கிறது. ஊரிலேயே இருந்தவரை எனக்கு இது பெருமையாக மட்டுமே பட்டது. போய்வந்த பிறகு வலித்தது. வெளிநாட்டுப் படிப்பு என்னை எப்படி மாற்றியது என்று கேட்டால், இந்த வலியைத்தான் காட்டுவேன்.

திரும்பாதவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும், பலருக்குக் கல்விக்கடனும் இருக்கும். திரும்புகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: முதல் வருடம் ‘அங்கெல்லாம்’ என்று நாவில் வரும்போதெல்லாம் அதை ‘ஏன்’ என்று மாற்றிப் பாருங்கள். அங்கே ஏன் அப்படி, இங்கே ஏன் இப்படி? பதில் தெரிந்தவர் பெரும்பாலும் பட்டம் வாங்காதவராக இருப்பார். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. ஆனால் எந்தத் திட்டம் என் மேசைக்கு வந்தாலும் கையெழுத்திடும் முன் அவர் கேட்டதைத்தான் கேட்கிறேன்: இதில் ராத்திரி எங்கே இருக்கிறது?

பட்டம் பெற்ற உங்களுக்கும், அதற்காக ராத்திரியும் உழைத்த உங்கள் வீட்டாருக்கும் என் வாழ்த்து. போய் வாருங்கள்.