ஒரு ஸ்பானிஷ் சொல்: குஸ்தார்
(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகள் மாட்ரிட்டிலோ மெக்சிகோவிலோ இருப்பதால் நம்மில் சிலர் செல்போனில் ஸ்பானிஷ் படிக்கிறீர்கள். "இங்கிலீஷே தகராறு, இது எங்கே வரப்போகுது?" என்று பாதியில் விட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இன்று ஒரே ஒரு வினைச்சொல்: குஸ்தார். பிடிப்பது என்று பொருள்.

ஆங்கிலத்தில் 'ஐ லைக் காபி'. ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே'. இதில் 'மே' என்றால் 'நான்' இல்லை, 'எனக்கு'. எனக்குப் பிடிக்கும் காபி. அவ்வளவுதான்! ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். நமக்கு இது பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிற வாக்கியம். உனக்கு என்றால் 'தே', உங்களுக்கு என்றால் 'லே'. சம்பந்தியிடம் 'லே' போட்டே பேசுங்கள். தலைவலியும் இதே கணக்குதான்: 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது.

தமிழை அப்படியே நம்பக்கூடாத இடமும் உண்டு. நாம் ஒரு மாம்பழத்துக்கும் பத்து மாம்பழத்துக்கும் 'பிடிக்கும்' என்றே சொல்வோம். அங்கே பன்மை வந்தால் வினை மாறும்: 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. இதில் தவறினால்கூடப் புரிந்துகொள்வார்கள். ஆட்களைப் பற்றிப் பேசும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். மருமகளிடம் பாசமாக "உன்னை எனக்குப் பிடிக்கும்" என்று நினைத்து 'மே குஸ்தாஸ்' என்றுவிடாதீர்கள். அது பெரும்பாலும் காதலர்கள் சொல்வது. 'மே காயெஸ் பியென்' என்றால் வம்பில்லை.

லத்தீனில் இந்தச் சொல்லுக்கு ருசி பார்ப்பது என்று பொருள். அந்த வாசனை இன்னும் போகவில்லை. மெக்சிகோவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால் 'குஸ்தா?' என்பார்கள். நம் ஊர் "வாங்க, சாப்பிடலாம்" மாதிரி. முதல் அறிமுகத்தில் சொல்வது 'மூச்சோ குஸ்தோ', சந்தித்ததில் மகிழ்ச்சி. அதுவும் இதே குடும்பம்தான்.

இந்த ஞாயிறு வீடியோ காலில் பேரனிடம் பாட்டி அனுப்பிய முறுக்கைக் காட்டச் சொல்லி, 'தே குஸ்தா?' என்று கேட்டுப் பாருங்கள். 'சீ' என்றால் ஆமாம். 'மே என்காந்தா' என்றால் ரொம்ப ரொம்பப் பிடித்திருக்கிறது, அடுத்த பார்சலைக் கட்டிவிடலாம்.