ஓரணாவும் இருபது காசும்

(வண்ணாரப்பேட்டையில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அரசாங்கத்தின் வரவு செலவைப் பற்றிப் பேசுக என்று எமக்குக் கட்டளை பிறந்தது. எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் தமிழாசிரியர் பக்கல் எண்ணும் கணக்கும் பற்றிய பொருளை ஒப்புவித்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். காரணம் யாமே கூறிவிடுகின்றோம். சென்ற கூட்டத்தில் நம் பெரியவர் ஒருவர் எழுந்து, "நாம் காலை முதல் இரவு வரை கடையில் நின்று வரி செலுத்துகின்றோம், அரசாங்கமோ அதனைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறாகவும் உப்புமாவாகவும் வாரியிறைக்கின்றது" என்றார். அவையிற் பலர் கைதட்டினர். யாம் அன்று வாய் திறந்திலோம். ஆயினும் அக்கைத்தட்டல் எம் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை கூறவே இன்று ஈண்டு நிற்கின்றோம்.

அரசின் தொழில் யாது என்று ஆராய்ந்த திருவள்ளுவர், இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அதனை நால்வகையாகப் பகுத்தார். பொருள் பிறக்கும் வழிகளை அமைப்பது ஒன்று. பிறந்த பொருளைத் திரட்டுவது ஒன்று. திரட்டியதைச் சிதையாமற் போற்றுவது ஒன்று. போற்றியதை உரிய இடங்களுக்குப் பங்கிடுவது ஒன்று. இந்நான்கனுள் ஈற்றில் நின்றதே அருமையுடையது. முதல் மூன்றினையும் கருமியும் செய்வான். பங்கிடுவதில்தான் அரசின் அறிவும் நெஞ்சும் புலப்படும். இக்காலத்தார் வரவு செலவுத் திட்டம் என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வாசிப்பது இப்பங்கீட்டையே.

நிற்க. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் செலவு நேற்றுத் தோன்றியதென்று நம்மிற் பலர் நினைக்கின்றனர். அது நூறாண்டு கடந்த வழக்கு. அதனைத் தொடங்கியவர் பெயரை நம் பேட்டையார் நாள்தோறும் உச்சரிக்கின்றனர். பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி என்று நாம் சுட்டுகின்றோமே, அப்பெயருக்குரிய சர். பிட்டி தியாகராயச் செட்டியாரே அவர். நீதிக்கட்சியின் தலைவராய் விளங்கி, 1920 ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றி பெற்றும், முதன் மந்திரிப் பதவியை வேண்டா என்று ஒதுக்கியவர். அவர் சென்னை நகரசபையின் தலைவராயிருந்தபோது, 1920 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஆயிரம் விளக்கிலிருந்த நகரசபைப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்குவதென்று சபை தீர்மானித்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரையறை. ஓரணா என்பது இக்காலக் கணக்கில் ஆறேகால் காசு. ஏழைகளின் பிள்ளைகள் வயிறு வெறுமையாயிருப்பதால் பள்ளிக்கு வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை என்பதே அவர் காட்டிய காரணம். சிற்றுண்டி வந்தது, பிள்ளைகளும் வந்தனர், மேலும் சில பள்ளிகளுக்கு அவ்வேற்பாடு பரவியது.

பின்னர் நிகழ்ந்தது யாது? தொடக்கக் கல்விக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து இச்செலவைச் செய்தல் தகாது என்று அந்நாளை அரசாங்கம் மறுத்தது. கல்வி என்பது கரும்பலகையும் புத்தகமும் ஆசிரியர் சம்பளமுமே, சோறு கல்வியாகாது என்பது கணக்கர் கொள்கை. 1925 ஆம் ஆண்டில் சிற்றுண்டி நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 28 ஆம் நாள் தியாகராயரும் காலமானார். அன்பர்களே! அரசாங்கத்திற் பணமில்லாமல் அச்செலவு நின்றதன்று. எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்னும் வழக்கில் நின்றது. வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியை அடித்தால் எங்கோ ஒரு குழந்தையின் கையிலிருந்த தட்டு போகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிறகு 1956 ஆம் ஆண்டில் காமராசர் அரசு மதிய உணவைத் தொடங்கியது. கல்வித் துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகச் சென்று அதற்கு ஆதரவு திரட்டினார். அரசு ஒரு பங்கு தர, ஊரார் ஒரு பங்கு தந்தனர். நம் முன்னோரிற் பலர் அன்று அரிசியும் பருப்பும் கொடுத்தவர்களே. 1982 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ம. கோ. இராமச்சந்திரன் அவர்கள் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2001 ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்திய நாடு முழுமையிலும் அரசு தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்கவேண்டுமென்று ஆணையிட்டது. 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. ஆயிரம் விளக்கிற் கணக்கர் அடித்த அந்த ஒரு வரி, தொண்ணூற்றேழு ஆண்டு கழித்து மீண்டும் எழுதப்பட்டதென்று கொள்க.

இனிக் கணக்கிற்கு வருவோம். 2024-25 ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டரசு எதிர்பார்த்த வருவாய் வரவு சுமார் 2,99,000 கோடி ரூபாய். இத்தொகை நம் மனத்தில் அடங்காது. ஆதலின் அதனை நூறு ரூபாயாகச் சுருக்கி, ஒரு குடும்பத்தின் மாத வரவாக எண்ணிப் பாருங்கள். அந்நூறில் அரசு ஊழியர், ஆசிரியர் சம்பளத்திற்கு 28 ரூபாய் போகின்றது. ஓய்வூதியத்திற்குப் பன்னிரண்டரை ரூபாய். வாங்கிய கடனுக்கு வட்டி 21 ரூபாய். இம்மூன்றுமே 61 ரூபாய்க்கு மேலாயின. எஞ்சியதிலேயே மருந்தும் சாலையும் மானியமும் பிறவும் நடைபெறவேண்டும். அதுவும் போதாமல் வருவாய்க் கணக்கில் சுமார் 49,000 கோடி ரூபாய் துண்டு விழுமென்று மதிப்பிடப்பட்டது.

காலைச் சிற்றுண்டிக்கு அவ்வாண்டு ஒதுக்கியது 600 கோடி ரூபாய். நம் நூறு ரூபாய்க் கணக்கில் அஃது எவ்வளவு? இருபது காசு. நம் பெரியவர் வாரியிறைக்கின்றது என்றாரே, அந்தச் சிற்றுண்டிச் செலவு இவ்விருபது காசே. மதிய உணவிற்குச் செல்வது இதனினும் பெரிது. ஆயினும் சம்பளத்தின் பக்கத்தில் வைத்தால் அதுவும் சிறிதே.

இருபத்தெட்டு ரூபாய் யாரிடம் சென்றது? ஒளிப்பானேன்? எம்மிடம் வந்தது. இவ்வவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர், எழுத்தர், செவிலியர், மின்வாரியத்திலும் மாநகராட்சியிலும் உள்ளார்க்கு உற்றார் உறவினர் ஆகிய எல்லார் வீட்டிற்கும் பொதுப்பணத்தின் ஒரு துளி வந்தே தீரும். உழைத்துப் பெறும் ஊதியமாதலின் அதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் இருபத்தெட்டு ரூபாயைக் கைநீட்டி வாங்குவோர் இருபது காசைக் கண்டு முகஞ்சுளிப்பது முறையாகாது.

"வரி செலுத்துவோர் நாங்களல்லவா?" என்று வணிகர் கேட்கலாம். 2017 ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைபெறும் சரக்கு சேவை வரியை எண்ணிப் பாருங்கள். அது பொருளின் விலையோடு சேர்ந்து வாங்குவோன் கையிலிருந்தே வருகின்றது. கடைக்காரர் அதனைத் திரட்டிச் செலுத்துகின்றார். காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் தாய் தன் மகளுக்கு ஒரு பேனா வாங்கும்போது அவளும் வரி செலுத்துகின்றாள். அவள் மகள் பள்ளியில் உண்ணும் உப்புமா பிச்சையன்று. அவள் முன்னரே கொடுத்த காசின் ஒரு பகுதியே திரும்பி வருகின்றது. ஆதலின் "இலவசம்" என்னும் சொல்லை இவ்விடத்தில் வழங்காதொழியுமாறு, சொல்லாராய்ச்சியே தொழிலாக உடைய யாம் வேண்டுகின்றோம்.

இனி, எம் உள்ளத்தை வருத்தும் செய்தியொன்றைக் கூறி முடிப்போம்.

அரசுப் பணி என்பது விதிகளால் அமைந்தது. 1973 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேலைநிறுத்தத்தைத் தடுக்கின்றன. 2003 ஆம் ஆண்டு ஜூலையில் ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். மன்னிப்புக் கோரி, அவ்விதிக்கு அடங்கி நடப்போமென்று எழுதிக் கொடுத்த பின்னரே பெரும்பாலோர் மீண்டனர். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அன்று எம் சிற்றப்பா முறையினர் ஒருவர் கடிதத்தை எம்மிடம் கொடுத்து, "நிபந்தனையற்ற என்பதற்குப் பொருள் என்னடா தம்பி?" என்று கேட்டார். பொருள் சொன்னோம். கையெழுத்திட்டார், அன்றிரவு உண்டிலர்.

விதி கட்டும் கயிறு. அதுவே காக்கும் வேலியும் ஆகும். முறையான பணியிலுள்ளார்க்குக் காலமுறை ஊதியம் உண்டு, அகவிலைப்படி உண்டு, விடுப்பு உண்டு. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்த எம்போல்வார் ஊதியத்திற் பத்திலொரு பங்கைப் பிடித்தம் கொடுக்கும் ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டோம். அதனை மாற்றுமாறு ஆண்டுக்கணக்காகக் கேட்டோம். 2026 ஆம் ஆண்டு ஜனவரியில், இறுதியாகப் பெறும் அடிப்படை ஊதியத்திற் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. எம் குரல் கோட்டை வரை எட்டியது.

எட்டாத குரலும் ஒன்றுண்டு. யாம் பணியாற்றிய பள்ளியொன்றில் சத்துணவு சமைத்த அம்மையார் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் அவரை ஆயா என்பர். கணவரை இளமையிலேயே இழந்தவர். முதல் மணி அடிக்குமுன் வந்து அடுப்பு மூட்டுவார். எந்தப் பிள்ளை இரவு உண்ணாமல் வந்தது என்பதை முகத்தைக் கண்டே சொல்லிவிடுவார். வகுப்பில் யாம் அறியாததை அவர் அடுப்படியில் அறிந்திருந்தார். 2025 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். மாலையிட்டோம், புடைவையொன்று கொடுத்தோம். விழா முடிந்தபின், தம் ஓய்வுத் தாளைக் கொண்டுவந்து, "சார், இதிலே மாசம் எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்றார். படித்துச் சொன்னோம். சத்துணவு ஊழியர்க்குரிய சிறப்பு ஓய்வூதியம் அந்நாளில் மாதம் 2,000 ரூபாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். எமக்கு வரவிருப்பதை எண்ணினோம். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடவில்லை.

ஆசிரியர் கற்பிப்பதும் அவர் சமைப்பதும் ஒரே பள்ளியில், ஒரே குழந்தைக்காக. அவர் ஊதியமோ சிறப்புக் காலமுறை ஊதியம் என்னும் வேறொரு வரிசையைச் சார்ந்தது. அந்நாள் கணக்கர் சோற்றைக் கல்விக்குப் புறம்பாக வைத்தனர். இந்நாள் நாம் சமைப்பவரைப் பணிக்குப் புறம்பாக வைத்திருக்கின்றோம்.

மற்றொன்று கேளுங்கள். அவ்வம்மையார் நம் சமூகத்தவரே. நம் சங்கத்து இதழில் ஆண்டுதோறும் "உத்தியோகம் பெற்றோர்" என்று பட்டியல் வெளியிடுகின்றோம். துணை ஆட்சியர் முதல் இளநிலை உதவியாளர் வரை பெயரும் படமும் அச்சிடுகின்றோம். முப்பதாண்டு பல்லாயிரம் பிள்ளைகளுக்குச் சோறிட்ட இவர் பெயர் அதில் ஒருகாலும் வந்ததில்லை. அப்பட்டியலைப் பலமுறை பிழைதிருத்தியவர் யாமே. ஆதலின் இக்குற்றத்தில் முதற் பங்கு எம்முடையது.

இனிச் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, அடுத்த பட்டியலில் சத்துணவு ஊழியர், அங்கன்வாடி ஊழியர், தூய்மைப் பணியாளர் ஆகிய நம் குடும்பத்தார் அனைவர் பெயரையும் சேர்த்தல். இரண்டாவது, நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார் சென்று அமர்தல். அரிசியின் தரமும் பருப்பின் அளவும் அவர்கள் கண்ணுக்குத் தப்பா. பொதுப்பணம் நம் பணமாயின், அது பானைக்குள் முழுமையாகச் சென்றதா என்று பார்ப்பதும் நம் கடமை. மூன்றாவது, சத்துணவு ஊழியரின் ஓய்வூதியத்தை உயிர்வாழப் போதுமானதாக்க வேண்டுமென்று, நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் வாயிலாக அரசுக்குச் சங்கம் விண்ணப்பம் அளித்தல். யாம் விதிக்கு உட்பட்டோம். வீதியில் முழங்க எமக்கு இயலாது. சங்கம் அவ்வாறு கட்டுண்டதன்று. விண்ணப்பம் எழுதும் தமிழ்த்தொண்டினை யாம் ஏற்கின்றோம். கையொப்பம் நீங்கள் இடுக.

சென்ற கூட்டத்தில் கைதட்டியவர்கள்மேல் எமக்குச் சிறிதும் மனத்தாங்கல் இல்லை. கணக்குத் தெரியாத குறையே அது; எமக்கும் அண்மைக்காலம் வரையில் தெரியாதிருந்தது. நூறு ரூபாயில் இருபது காசு என்பதை இன்று வீட்டிற்குச் சென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஓரணாவை நிறுத்திய கணக்கரின் பெயர் இன்று எவர்க்கும் தெரியவில்லை. ஓரணாக் கொடுத்தவர் பெயரைச் சொல்லியன்றோ நம் பேட்டையில் ஒரு கல்லூரிக்கு வழி கேட்கின்றோம்!