இன்சார்ஜ் யார்?

இங்கே அயர்லாந்தில் நல்ல மழை. நடுவில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாறிவரும் உலகில் நிர்வாகமும் சுயநிர்வாகமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் நிர்வாகம் படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமா முடித்து இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் நிற்பவள். அங்கிருந்தே பேசுகிறேன்.

நம்மூர் ஆஸ்பத்திரிகளில் ‘இன்சார்ஜ் சிஸ்டர்’ என்று ஒருவர் இருப்பார். அலமாரிச் சாவி அவரிடம்தான். அவர் லீவு போட்டால் அலமாரியும் லீவு. இந்த ‘இன்சார்ஜ்’ என்றால் என்ன என்று 1859-லேயே யோசித்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். அவருடைய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ நூலில் ஒரு அத்தியாயத்துக்கே ‘பெட்டி மேனேஜ்மென்ட்’ என்று பெயர். சில்லறை நிர்வாகம் என்று சொல்லலாமா? கையில் விளக்கோடு வரும் அம்மையாராகவே அவரை நமக்குத் தெரியும். ஆனால் அந்த அத்தியாயத்தில் அவர் கவலைப்படுவது நர்ஸ் அங்கே இல்லாத நேரத்தைப் பற்றி. நீ இருக்கும்போது நடப்பது, நீ இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு செய்தாயா என்பதே அவர் கேள்வி. தான் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது என்று பெருமைப்படும் இன்சார்ஜை அவர் மெச்சவில்லை.

பைபிள் படித்தவர்களுக்கு யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம் ஞாபகம் வரும். காலை முதல் மாலைவரை ஜனங்களின் வழக்கையெல்லாம் மோசே ஒருவராகவே கேட்டுக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் ஏணி வளர வளர, மேலே இருப்பவருக்குக் கீழே படுத்திருக்கும் நோயாளி தெரிவதில்லை.

நெதர்லாந்தில் அதுதான் நடந்தது. வீடுதேடிப் போகும் நர்ஸுகளின் வேலையை 1990-களில் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஊசிக்கு 10 நிமிடம், குளிப்பாட்ட 15 நிமிடம் என்று கணக்கு. நோயாளியின் வீட்டுக் கதவில் பார்கோடு. நுழையும்போதும் கிளம்பும்போதும் ஸ்கேன் செய்யவேண்டும். பிரெடரிக் லாலூ 2014-இல் எழுதிய ‘ரீஇன்வென்டிங் ஆர்கனைசேஷன்ஸ்’ நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் நர்ஸாகவும் பிறகு மேனேஜராகவும் இருந்த யோஸ் டி ப்ளாக், 2006-இல் ‘பியூர்ட்சோர்க்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கப் பராமரிப்பு என்று பொருள். முதலில் நான்கு நர்ஸுகள்தான். இன்று 10,000 பேருக்கு மேல். தலைமை அலுவலகத்தில் சுமார் 50 பேர். நடுவில் மேனேஜர்களே கிடையாது.

ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. யாரைப் பார்ப்பது, யார் எப்போது டூட்டி, யாரை வேலைக்குச் சேர்ப்பது எல்லாம் குழுவே முடிவுசெய்கிறது. கோச் என்று ஒருவர் உண்டு; யோசனை சொல்வார், உத்தரவு போடமாட்டார். சுயநிர்வாகம் என்றால் அவரவர் இஷ்டம் என்று நினைப்பவர்கள் அந்த 12 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாடு அங்கேயும் இருக்கிறது.

இதை ஏன் இன்று பேசுகிறேன் என்றால், ‘சுயநிர்வாகம்’ என்ற சொல்லை இப்போது வேறு மாதிரியும் பயன்படுத்துகிறார்கள். ஆளைக் குறைத்துவிட்டு, மிஞ்சியவர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்க வகுப்பு எடுப்பது. பன்னிரண்டு மணிநேர டூட்டி முடிந்து வந்தவளிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது. மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் என் தலையில் வைத்தால் அது சுயநிர்வாகம் இல்லை, பழியை இடம் மாற்றுவது. 2020-இல் கொரோனா வந்தபோது காலையில் வந்த சுற்றறிக்கை மாலைக்குள் பழசாகிவிட்டது. அப்போது கட்டில் பக்கத்தில் நின்றவர்கள்தான் பல விஷயங்களை முடிவுசெய்தோம். அவசரம் முடிந்ததும் அந்த உரிமை மெதுவாக மேலே போய்விட்டது.

இன்னொரு சிக்கல் நம் பக்கம். பியூர்ட்சோர்க் கூட்டங்களில் யாருக்கும் அடிப்படையான ஆட்சேபம் இல்லையென்றால் அது முடிவாகிவிடும். அழகான முறை. ஆனால் வாய்திறந்து ஆட்சேபம் சொல்பவர்களுக்குத்தான் அது அழகு. ‘சரி சிஸ்டர்’ என்று சொல்லியே பழகிய, ஆங்கில உச்சரிப்பை யாராவது சிரிப்பார்களோ என்று பயந்து பேசாமல் இருக்கிற நம் பெண்களுக்கு? மௌனம் சம்மதமாகிவிடும். பெரிய குரல் உள்ளவர் மேனேஜர் ஆகிவிடுவார், பதவி இல்லாமலே.

எங்கள் வார்டில் டூட்டி லிஸ்ட்டை நாங்களே போட ஆரம்பித்தபோது முதல் மூன்று மாதம் இப்படித்தான் ஆனது. நைட் டூட்டி எல்லாம் புதிதாக வந்தவர்களின் பெயரில். பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் பேசவேண்டும், சீனியர்கள் கடைசியில். சீனியர்களுக்குப் பிடிக்கவில்லை, நானும் இப்போது சீனியர்தான், எனக்கும் கை பரபரக்கும். போன மாதம் புதிதாக வந்த ஒரு தங்கை, லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே, “தொடர்ந்து நாலு நைட் என்னால் முடியாது அக்கா” என்றாள். நான்காவது நைட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.