உழவர் வீட்டு வீராங்கனை

(சின்னசேலத்தில் கூடிய ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், உழவர்கள் ஆகியோரிடையே ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் நாம் வழக்கமாகப் பேசுவது ஏரி மராமத்து, மக்காச்சோளப் பயிரைத் தாக்கும் படைப்புழு, சாலைக்குக் கப்பி போடுதல் ஆகியவற்றைப் பற்றியே. இன்று குத்துச்சண்டையைப் பற்றிப் பேச முற்படுகிறோம். அதிலும் ஒரு பெண்மணியின் குத்துச்சண்டையைப் பற்றி. இதற்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. அப்பெண்மணி பிறந்தது உங்கள் வீடு போன்ற ஓர் உழவர் வீட்டில். அவர் வாழ்க்கையை அறிந்தால், நம் ஊரில் நாம் செய்யத் தவறியது யாது என்பதும் விளங்கும்.

அவர் பெயர் மேரி கோம். நாட்டின் வடகிழக்குக் கோடியில் உள்ள மணிப்பூர் மாநிலத்தவர். நேதாஜியின் இந்திய தேசியப் படை 1944-ஆம் ஆண்டில் கொடியேற்றிய மொய்ராங் என்னும் ஊரைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் அருகே காங்காத்தேய் என்பது ஒரு சிற்றூர். அங்கே, கோம் என்னும் சிறு பழங்குடி வகுப்பில், 1982-ஆம் ஆண்டில் மேரி பிறந்தார். பெற்றோருக்குப் பிறர் நிலத்தில் உழைப்பதே பிழைப்பு. மூத்த மகளாகிய மேரி பள்ளி சென்று வந்த நேரம் போக, வயல் வேலையிலும் வீட்டு வேலையிலும் கைகொடுத்தார். தம்பி, தங்கையரையும் பார்த்துக்கொண்டார்.

பள்ளியில் அவர் முதலில் பழகியது ஓட்டமும் ஈட்டி எறிதலும்தான். 1998-ஆம் ஆண்டில் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணிப்பூர் இளைஞர் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் திரும்பி வந்தபோது மாநிலமே திரண்டு வரவேற்றது. அதைக் கண்ட சிறுவர் பலர் கையுறை அணிய விரும்பினர். மேரியும் விரும்பினார். தலைநகராகிய இம்பாலுக்குச் சென்று, கோசானா மெய்த்தேய் என்னும் பயிற்சியாளரிடம் தமக்கும் கற்பிக்குமாறு வேண்டிப் பயிற்சி பெற்றார்.

வீட்டாரிடம் இதைச் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டில் மாநிலப் போட்டியில் வென்றதும் நாளிதழில் அவருடைய படம் வெளிவந்தது. அதைக் கண்டுதான் தந்தைக்கே செய்தி தெரிந்தது. அவர் மகிழவில்லை, சினந்தார். முகத்தில் காயம் பட்டால் இவளை யார் மணம் புரிவார் என்பதே அவர் கவலை. இத்தனைக்கும் அவர் தம் இளமையில் மற்போர் பயின்றவர்! தமக்கு நன்று எனப் பட்ட ஒன்று மகளுக்கு ஆகாது என்று எண்ணினார். இக்கூட்டத்தில் அமர்ந்துள்ள தந்தையர், இது யாரோ ஒருவர் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆயினும் மகளின் உறுதியைக் கண்டு அவர் பின்னர் மனம் மாறினார். அந்த மனமாற்றம் இல்லாவிடில் நாம் இன்று பேசுவதற்கு இக்கதை இராது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பெண்களுக்கான முதலாவது தேசியக் குத்துச்சண்டைப் போட்டி நம் சென்னையில் நடைபெற்றது. அதில் மேரி தங்கம் வென்றார். அதே ஆண்டில் அமெரிக்காவில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார். பின்னர் 2002, 2005, 2006, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் அவருடையதாயிற்று. இதனிடையே 2007-ஆம் ஆண்டில் அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இனி இவர் வீட்டோடு இருந்துவிடுவார் என்றே பலர் கருதினர். குழந்தைகளைக் குடும்பத்தார் பேணினர். அவர் பயிற்சிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே சீனாவில் நடந்த உலகப் போட்டியில் மீண்டும் தங்கம் பெற்றார்.

ஒலிம்பிக் போட்டியில் பெண்கள் குத்துச்சண்டை முறையாகச் சேர்க்கப்பட்டது 2012-ஆம் ஆண்டில், லண்டனில்தான். அங்கே மிகக் குறைந்த எடைப்பிரிவே 51 கிலோ. மேரியோ 46, 48 கிலோப் பிரிவுகளில் ஆடியவர். ஆகவே எடையைக் கூட்டிக்கொண்டு, தம்மினும் உயரமும் கனமும் மிக்கவர்களை எதிர்த்தார். அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று, வெண்கலம் பெற்றார். 2014-ஆம் ஆண்டில் ஆசிய விளையாட்டில் தங்கம். 2018-ஆம் ஆண்டில் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம். அவ்வாண்டு நவம்பரில், 35 வயதைக் கடந்த நிலையில், புதுதில்லியில் ஆறாவது முறையாக உலகப் பட்டத்தை வென்றார். 2019-ஆம் ஆண்டின் வெண்கலத்தையும் சேர்த்தால் உலகப் போட்டிகளில் எட்டுப் பதக்கங்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தோல்வியும் கண்டார். பத்ம விபூஷண் விருது 2020-ஆம் ஆண்டில் அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஏழைச் சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சியளிக்க இம்பாலில் ஒரு பயிற்சிக்கூடமும் நிறுவினார்.

அன்பர்களே! இவ்வெற்றிகளுக்கு அடிப்படையாக அமைந்தவை யாவை? ஓடிப் பழக ஒரு திடல். கற்பிக்க ஓர் ஆசிரியர். இறுதியில் இசைந்த ஒரு தந்தை. மற்றவை அவருடைய உழைப்பு. உழைப்பை எந்த ஊராட்சியும் தர இயலாது. முதலிற் சொன்ன மூன்றுக்கும் ஊராட்சி துணை நிற்க இயலும்.

இங்கிருந்து வடமேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அம்மலைச் சிறுமியர் மேடு பள்ளங்களில் நடந்தே பள்ளி செல்கின்றனர். விறகும் நீரும் சுமக்கின்றனர். அடிவாரத்து ஊர்களில் நம் பெண்மக்கள் கரும்பு வயலிலும் மரவள்ளிக் கொல்லையிலும் பெற்றோருக்கு உதவுகின்றனர். உடல் உறுதி அவர்களிடம் இருக்கிறது. ஆயினும் பெண் பெரியவளானதும் திடலுக்குப் போவது பல வீடுகளில் நின்றுவிடுகிறது. மாலையில் ஊர்த் திடலைப் பாருங்கள். அங்கே பையன்கள் இருப்பார்கள், பெண்கள் இரார். தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை; வழக்கம் தடுக்கிறது.

பெற்றோரின் அச்சத்தை நாம் இகழவில்லை. இருட்டில் திரும்பி வரும் பெண்ணைப் பற்றிய கவலை நியாயமானதே. குத்துச்சண்டையில் அடி படும் என்பதும் உண்மையே. அதனால்தான் அதனைத் தலைக்கவசம், கையுறை, பற்காப்பு ஆகியவற்றுடன், தேர்ந்த பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே பழக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே குத்துச்சண்டை வேண்டா. மேரியும் ஓட்டத்தில்தான் தொடங்கினார். ஓட்டம், கபடி, ஈட்டி எறிதல் ஆகியவற்றில் தொடங்கலாம்.

ஊராட்சி செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, திடலில் மாலை ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்கி, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். இரண்டாவது, திடலுக்கும் அதற்குச் செல்லும் பாதைக்கும் விளக்கு அமையுங்கள். அருகில் கழிப்பிடமும் இருக்கட்டும். மூன்றாவது, ஊராட்சி இடங்களில் பாதி இன்று பெண்களுக்கு உரியது. அவ்வுறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் திடலில் இருந்தால் தாய்மாருக்கு அச்சம் நீங்கும். நான்காவது, 2024-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளுக்குப் பந்தும் மட்டையும் பிறவும் வழங்கப்பட்டன. அவை அலுவலக அறையில் பூட்டிக் கிடந்தால் பயன் யாது? திறந்து கொடுங்கள், தேய்ந்தால் தேயட்டும். ஐந்தாவது, திறமையுள்ள சிறுமியைக் கண்டால் உடற்கல்வி ஆசிரியருடன் கலந்து, மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் அழைத்துச் செல்லுங்கள். உண்டியும் உறையுளும் பயிற்சியும் தரும் அரசு விளையாட்டு விடுதிகள் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றுக்கான தேர்வு நாள் தெரியாமலே பல ஊர்ப் பிள்ளைகள் வாய்ப்பை இழக்கின்றனர். அந்நாளை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

எல்லாப் பெண்களும் உலகப் பட்டம் வெல்லப் போவதில்லை. வெல்லாதவருக்கும் உடல்நலம் மிஞ்சும். நிமிர்ந்து நடக்கும் துணிவு மிஞ்சும். பள்ளிப் படிப்பை நடுவில் விடாதிருக்க ஒரு காரணமும் மிஞ்சும். வெல்லக்கூடிய ஒருத்தி எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியாது. காங்காத்தேய் ஊராருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. ஆகையால் எல்லாச் சிறுமியருக்கும் திடலைத் திறந்து வைப்பதே நம் கடமை. அடுத்த கிராம சபையில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்வுரையை முடிக்கிறோம்.