முகவரி இல்லாத குறைகள்



இந்தப் பட்டமளிப்பு விழா நடக்கும் ஹைதராபாத்தின் போவன்பள்ளியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே பெயரில் இங்கே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பழைய போவன்பள்ளியின் தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. புதிய போவன்பள்ளியின் பெரும்பகுதியில் அதே விளக்கு செகந்தராபாத் கண்டோன்மென்ட் போர்டின் பொறுப்பு. முதலாவது மாநில அரசுக்குக் கீழ் வருகிறது, இரண்டாவது டெல்லியில் இருக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ். ஒரு காலனியில் பெய்த மழைநீர் நாலா என்னும் கால்வாய் வழியாக அடுத்த காலனிக்குப் போய்ச் சேர்வதற்குள் அலுவலகம் மாறிவிடுகிறது. புகார் கொடுக்கவும் இரண்டு வாசல்கள்: மாநகராட்சிக்கு ஒரு செயலி, கண்டோன்மென்ட்டுக்கு 2021 பிப்ரவரியில் தொடங்கிய இ-சாவனி தளம். போர்டுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில். 2023 ஏப்ரலுக்கு அறிவித்த தேர்தலையும் மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே கண்டோன்மென்ட் பக்கத்தில், வீட்டு வாசலில் போய் நின்று கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை.

ஒரு குறை கவனிப்பாரற்றுப் போவதற்குக் காரணம் அது யார் கண்ணிலும் படாததுதான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அடைத்த சாக்கடையை எல்லோரும் பார்க்கிறார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார், எந்தச் சட்டத்தின்படி, எத்தனை நாளுக்குள் என்பதுதான் எங்கும் எழுதப்படாமல் கிடக்கிறது. குறைக்கு முகவரி இல்லை. உங்கள் கையில் இருக்கும் போனால் ஊருக்கு ஆகக்கூடிய பெரிய உதவி அந்த முகவரியை எழுதுவதுதான் என்பது என் வாதம். கூட்டம் சேர்ப்பது, டிரெண்ட் ஆக்குவது எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை. அவற்றை முதலில் செய்து, ஆவணத்தை அப்புறம் தேடலாம் என்று இறங்கிய இயக்கங்கள் பல வந்த வேகத்திலேயே கரைந்து போயிருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான சான்றாகக் காட்டப்படுவது கொடைக்கானல். 2015 ஜூலை இறுதியில் அங்கிருந்த யூனிலீவர் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றிச் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் பாடல் யூடியூபில் வந்தது. சில நாட்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அதன் மெட்டுக்குச் சொந்தக்காரரான அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் தலைமை நிர்வாகி பால் போல்மன் அங்கேயே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களின் தரப்போடு உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாட்டு, ஏழெட்டு மாதம், இழப்பீடு. கதையை இப்படிச் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கதை 2001-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். மொத்தம் 7.4 டன். கண்ணாடிக் கழிவு ஆலையை விட்டு வெளியே போகவே இல்லை என்று இனி யாரும் வாதாட முடியாதபடி, எடை போட்டுக் காட்டிய கழிவு அது. அந்த மாதமே ஆலை நின்றது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. ஆலையின் இயந்திரங்களும் ஒருகாலத்தில் அங்கிருந்து வந்தவைதான். 2006-ல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மருத்துவ அறிக்கைகள், நிபுணர் குழுக்கள், மண் பரிசோதனைகள் என்று கோப்பு பருத்துக்கொண்டே வந்தது. பாடல் வந்தபோது அந்தக் கோப்புக்கு வயது பதினான்கு. ஆகவே பாடலில் இருந்த கோரிக்கை யாருக்கு, எதற்கு, எந்த ஆதாரத்தில் என்பது எழுத்து எழுத்தாகத் தயாராக இருந்தது. நிறுவனத்தால் ‘எங்களுக்கு இது தெரியாது’ என்று சொல்ல முடியவில்லை. உலகம் திரும்பிப் பார்த்த அந்த ஒரு வாரத்தில், பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

பாடலின் பங்கைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதினான்கு வருடக் கோப்பை நீதிமன்றத்துக்கு வெளியே பலர் திறந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை, அதைத் திறக்க வைத்தது பாட்டு என்பதும் உண்மை. பாட்டு சாதிக்காததையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஆலை வளாகத்து மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற சர்ச்சை, உடன்பாட்டுக்குப் பிறகும் தீரவில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்த அளவு, சோலைக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மலைக்கு மிகத் தளர்வானது என்று செயல்பாட்டாளர்கள் எதிர்த்தார்கள். 2018-ல் இரண்டாவது பாடலும் வந்தது, அதில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் பாடினார். முதல் பாடல் கிளப்பிய அலையில் பாதிகூட எழவில்லை. தொழிலாளியின் முகத்துக்கு இரங்கும் பார்வையாளர் மில்லிகிராமுக்கு இரங்குவதில்லை. இணையத்தின் இந்த இயல்பை மாற்ற நம்மால் ஆகாது. தெரிந்து வைத்துக்கொண்டு வேலை செய்யத்தான் முடியும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். ‘ஆவணம் சேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் மரம் வெட்டி முடித்துவிடுவார்கள் ஐயா!’ நியாயமான கேள்வி. 2025 மார்ச் கடைசியில், இந்த நகரத்தின் மறுமுனையில் காஞ்சா கச்சிபௌலியில் அதுதான் நடந்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரில், யுகாதியும் ரம்ஜானும் சேர்ந்து வந்த தொடர் விடுமுறையில் புல்டோசர்கள் இறங்கின. நீதிமன்றக் கதவுகள் சாத்தியிருக்கும் நாட்கள் அவை. மாணவர்கள் போனில் எடுத்த வீடியோக்கள் மட்டும் அன்று வெளியே வராமல் இருந்திருந்தால், கதவு திறக்கும்போது அங்கே காப்பாற்ற மரமே மிஞ்சியிருக்காது. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து வேலையை நிறுத்தியது. வேகத்துக்கு ஒரு காலம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

அன்று நடந்தவற்றைச் சற்று நெருங்கிப் பாருங்கள். வீடியோ பரவியது என்பதற்காக நீதிமன்றம் தீர்ப்பு எழுதவில்லை. தெலங்கானா உயர் நீதிமன்றத்தின் நீதித்துறைப் பதிவாளரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னது. கனரக இயந்திரங்களை வைத்து ஏறத்தாழ 100 ஏக்கர் அழிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் அன்றே அறிக்கை கொடுத்தார். தடை உத்தரவு அந்த அறிக்கையின் மேல்தான் நின்றது. அதே வாரத்தில் எதிர்த்திசையில் ஓடியது இன்னொரு கதை. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்கள், புல்டோசர் முன்னால் கதறி ஓடும் மயில்களும் மான்களுமாக, உண்மை வீடியோக்களோடு கலந்து சுற்றின. படம் போட்டவர்களில் பலருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. விளைவு என்ன? வெட்டிய மரத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு, போலிப் படத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடத்துக்கு நகர்ந்தது. வழக்குகள் பதிவாயின. அப்படியொரு படத்தைப் பகிர்ந்ததற்காக மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஸ்மிதா சபர்வாலுக்கே போலீஸ் நோட்டீஸ் போனது. மான்கள் அந்தக் காட்டில் நிஜமாகவே இருந்தன. அவற்றுக்குப் பொய்யாக ஒரு படம் தேவைப்படவே இல்லை. ஒரு போலிப் படம் நூறு நிஜப் படங்களின் நம்பகத்தைத் தின்றுவிடும் என்பதை இந்த நகரத்து மாணவர்களுக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கடினமானது. காஞ்சா கச்சிபௌலிக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தது, ஆங்கிலம் பேசும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இருந்தார்கள். நாலா ஓரத்துக் குடிசைக்கு யார் இருக்கிறார்கள்? இணையச் செயல்பாடு என்பது ஏற்கெனவே குரல் உள்ளவனின் குரலை உரக்க ஒலிக்க வைக்கும் கருவிதானே? பெரும்பாலும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டே பதில் சொல்கிறேன். கருவியை எப்படி அமைக்கிறோம் என்பதில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2010-ல் சத்தீஸ்கரில் பத்திரிகையாளர் ஷுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா அதற்குச் சான்று. ஸ்மார்ட்போன் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சாதாரண போனில் ஒரு எண்ணை அழைத்து, கோண்டி மொழியிலேயே குறையைச் சொன்னால் பதிவாகும். சரிபார்த்த பிறகு மற்றவர்கள் கேட்கும்படி வைப்பார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு: குறையோடு அதற்குப் பொறுப்பான அதிகாரியின் போன் எண்ணையும் சேர்த்தே சொல்வார்கள். நகரத்தில் இருந்துகொண்டு கேட்கிறவர் அந்த எண்ணை அழைத்து, ‘அந்த ஊர் ஆழ்குழாய்க் கிணறு என்ன ஆயிற்று?’ என்று கேட்கலாம். வேலை நடந்தால் அதே கிராமத்து ஆள் மறுபடி அழைத்து, நடந்துவிட்டது என்று பதிவு செய்வார். நான் முகவரி என்று சொல்வது இதைத்தான். லைக் எத்தனை என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

சாலை விஷயத்தில் இந்த ஊருக்கே ஓர் அனுபவம் உண்டு. கண்டோன்மென்ட் வழியாகப் போகும் சாலைகளை ராணுவம் பாதுகாப்புக் காரணம் காட்டி மூடுவதும், பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவதும் பல்லாண்டுச் சச்சரவு. செகந்தராபாத்தின் வடகிழக்குக் காலனிக்காரர்கள் பிடித்துக்கொண்டது 2006 கண்டோன்மென்ட் சட்டத்தின் 258-ஆம் பிரிவை. தெருவை மூட வேண்டுமானால் பொது அறிவிப்பு, ஆட்சேபம் கேட்பது என்று ஒரு முறை இருக்கிறது, அதைப் பின்பற்றினீர்களா என்று கேட்டார்கள். 2018 மே மாதம், முறைப்படி மூடாத சாலைகளைத் திறக்கும்படி நாட்டின் 62 கண்டோன்மென்ட்டுகளுக்கும் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவிட்டது. உடனே ராணுவக் குடும்பங்கள் தங்கள் பாதுகாப்பை முன்வைத்து இணையத்தில் எதிர்ப்பு தெரிவித்தார்கள். அவர்கள் கவலையும் பொய்யில்லை. இரு பக்கமும் ஹேஷ்டேக் இருந்ததால் சத்தத்தில் யார் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. சட்டப் பிரிவு மட்டும் யார் கத்தினாலும் இடம் மாறவில்லை. பிரச்சினை அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2022 மார்ச்சில் மாநில அமைச்சராக இருந்த கே.டி. ராமாராவ், சாலைகளை மூடினால் கண்டோன்மென்ட்டுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவோம் என்று சட்டப்பேரவையிலேயே எச்சரிக்கும் அளவுக்கு அது போனது.

ஆபத்தைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைப் பதிவு செய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-ல் வந்தது. திரையிடப் போன இடங்களில் தடை விழுந்ததும் அவர் அதை யூடியூபில் போட்டார். அதற்குப் பிறகு மிரட்டல் அழைப்புகளையும் வழக்கையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. முகநூல் பதிவுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் நீக்கியது உண்மைதான். ஆனாலும் வேறு பிரிவுகள் இருக்கின்றன. எனவே பயப்படாதீர்கள் என்று மேடையிலிருந்து சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்கு அது நியாயம் இல்லை. தனி ஆளாகப் போகாதீர்கள், காலனிச் சங்கத்தின் பெயரில் போங்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். இன்னொன்றும் உண்டு: சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளியைப் படம் எடுத்தால், நாளைக்கு வேலை போவது உங்களுக்கு அல்ல, அவருக்கு. அவர் சம்மதம் இல்லாத முகம் திரையில் வரக் கூடாது. முகம் இல்லாமலும் ஆதாரம் காட்டலாம்: சாக்கடையில் இறந்தவர்களின் பெயரும் நாளும் இடமும் அடங்கிய பட்டியலைத்தான் பெஜவாடா வில்சனின் துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. அவர்களின் குடும்பங்களுக்கு 2014 தீர்ப்பில் 10 லட்சம் ரூபாய் என்று வைத்த இழப்பீடு, 2023 அக்டோபரில் 30 லட்சமானது.

நல்ல செய்தியும் இப்படித்தான் பயணம் போகிறது. போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் அழுகிப் போகும் காய்களிலிருந்து மின்சாரம் எடுப்பதை 2021 ஜனவரி 31 அன்று பிரதமர் தன் ‘மன் கி பாத்’ வானொலி உரையில் சொன்னார். நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவு, 500 யூனிட் மின்சாரம், தொழில்நுட்பம் ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி. ஆய்வு நிறுவனத்துடையது என்று எண்ணும் பெயருமாக இருந்ததால் செய்தி டெல்லி வரை போனது. சந்தைக்கு வெளியே, தெருவோரத்தில் குவியும் குப்பைக்கு எத்தனை டன் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எழுத முடியாத காரியம் அல்ல அது. பத்து ரூபாய் ஆர்.டி.ஐ. மனு, முப்பது நாள் காத்திருப்பு, தேதி தெரியும்படி எடுத்த சில படங்கள், அவ்வளவுதான்.

கண்டோன்மென்ட்டின் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்து மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு சில ஆண்டுகளாக நடக்கிறது. இமாச்சலத்தில் காஸ் யோலில் 2023-லேயே குடியிருப்புப் பகுதிகளைக் கண்டோன்மென்ட்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். இங்கும் அது நடக்கும் நாளில், போர்டிடம் கிடக்கும் புகார்கள் புதிய அலுவலகத்துக்கு மாறுமா, இல்லை எல்லோரும் முதலிலிருந்து மனு எழுத வேண்டுமா என்று இப்போதே கேட்டு வைக்கலாம். நாலா எங்கே அடைக்கிறது, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்தப் புகாருக்கு எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது என்ற பட்டியல் ஒன்று பொதுவில், தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும், அதற்குள் தயாராக வேண்டும். அதை வைத்திருக்க வேண்டிய கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை. உங்களில் இரண்டு பேர் வார இறுதியில் உட்கார்ந்தால் தொடங்கிவிடலாம்.